ஜமக்காளம் விழுங்கிய வாழ்த்துரை

மஞ்சக்குப்பம், கடலூர்
22-6-2025

சிதம்பரத்தில் வசிக்கும் ஓய்வுபெற்ற சர்வேயர், என் மைத்துனர், உயர்திரு பூவராகன் அவர்களின் சமூகத்துக்கு, அக்காள் கணவன் உத்திராபதி பணிவுடன் எழுதிக்கொள்வது. இங்கு நானும் தங்கள் அக்கா ரத்தினம்மாளும் சுகம். ஆபரேஷன் செய்த என் வலது முழங்காலும் ஏறக்குறைய சுகம். அங்கு தாங்களும் தங்கள் மனைவி தங்கச்சி ராணியம்மாளும் பிள்ளை ஜெயப்பிரகாஷும் சுகமா என்பதை, இருபத்திரண்டு நாளாகத் தாங்கள் போனை எடுக்காத காரணத்தால், தபால் மூலம் கேட்க வேண்டியதாகிவிட்டது.

மச்சான், இதற்கு மேல் தாங்கள், தங்கள் என்று எழுத எனக்குக் கை வரவில்லை. நாற்பது வருடமாக வா, போ என்று கூப்பிட்டுவிட்டு இப்போது மரியாதை கொடுத்தால் உனக்கு இன்னும் கோபம்தான் வரும். இந்தக் காலத்தில் யார் கடிதம் எழுதுகிறார்கள் என்று கேட்பாய். நீ போனை எடுத்தாலும் அதில் பேச எனக்கு இப்போது பயம். காகிதத்தில் எழுதினால் கடைசி வார்த்தை வரை வந்து சேரும். மே முப்பத்தொன்றாம் தேதி உன் பணி நிறைவு விழாவில் என் வாழ்த்துரை வந்து சேர்ந்த லட்சணம்தான் ஊருக்கே தெரியுமே. அதற்கு மன்னிப்புக் கேட்கத்தான் இதை எழுதுகிறேன்.

முதல் தப்பு, நான் நேரில் வராதது. அதை ஒப்புக்கொள்கிறேன். ஜெயப்பிரகாஷ் நல்ல பிள்ளை. "மாமா, கார்ல முன் சீட்டை நல்லா சாச்சுப் போடுறேன், காலை நீட்டிக்கிட்டு படுத்தாப்ல வாங்க"ன்னு எத்தனை தடவை கூப்பிட்டான்! நான்தான், "அட போப்பா, வீட்லயே வைஃபை இருக்கு, நாப்பத்தஞ்சு கிலோமீட்டர் எதுக்கு வீணா? வீடியோவுல பேசிடறேன்" என்றேன். ஆபரேஷனுக்குப் பிறகு மூன்று மாதம் வீட்டில் கிடக்க வேண்டும் என்று டாக்டர் சொன்னதும் போட்ட வைஃபை அது. புதுசு. அதை நாலு பேருக்குக் காட்ட வேண்டும் என்கிற ஆசை. தவிர, நெல்லிக்குப்பம் ஆலையில் இருபத்தெட்டு வருடம் கரும்பு வண்டிகளை டோக்கன் நம்பர் சொல்லி மைக்கில் கூப்பிட்டவன் நான். அத்தனை டிராக்டர் சத்தத்திலும் ஒரு நம்பர்கூட யார் காதிலும் விழாமல் போனதில்லை. எனக்கா பேசத் தெரியாது என்கிற திமிரும் இருந்தது. சொல்லிவிடுகிறேன், திமிர்தான்.

அந்த வைஃபை வந்த நாளிலிருந்தே சரியில்லை. இருக்கும், திடீரென்று போகும், மறுபடி வரும். கஸ்டமர் கேரில் ஒரு பெண் தினமும் ஒரே பாடத்தைச் சொன்னாள், "ஒரு தடவை ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்க சார்." பண்ணிப் பண்ணி அந்த ஸ்விட்சே லூசாகிவிட்டது. பிறகு லைன்மேன் கதிர்வேல் வந்து, ரௌட்டர் இரும்பு பீரோவுக்குப் பின்னால் இருந்தால் சிக்னல் எப்படி வரும் என்று கேட்டார், நியாயம்தானே என்று நான் வாக்கரைப் பிடித்துக்கொண்டு ஒரு பக்கமும் உன் அக்கா ஒரு பக்கமுமாக பீரோவை நகர்த்தினோம், நெட் நகரவில்லை, சுவர்க் காரைதான் பெயர்ந்தது. பிறகு வீட்டுக்கு நடுவில் வைக்கச் சொன்னார், எங்கள் வீட்டுக்கு நடுவில் இருப்பது சாமி மாடம், அதனால் ஸ்ரீமுஷ்ணம் பூவராகசுவாமி படத்துக்குப் பக்கத்தில், அதாவது உன் பெயர் கொண்ட சாமி பக்கத்தில், அதை ஏற்றி வைத்தோம். உன் அக்கா முதல் நாளே அதற்குக் குங்குமம் வைத்து, இரண்டு கொம்புக்கும் பூச் சுற்றிவிட்டாள். அதில் சிவப்பு லைட் எரிந்தால் நெட் இல்லை என்று அர்த்தம். "சாமி மாடத்துல செவப்பு லைட்டு நல்லாத்தான இருக்கு, இருந்துட்டுப் போவட்டும்" என்கிறாள்.

ஆலைப் பழக்கத்தில் நான் ஒரு நோட்டுப் போட்டு எந்தெந்த நேரம் நெட் போகிறது, வருகிறது என்று எழுதி வைத்தேன். காலை பதினொன்றிலிருந்து ஒரு மணி வரைதான் மோசம். அதிலும் திங்களும் வெள்ளியும் படுமோசம். சாயந்தரம் எக்ஸ்பிரஸ் ரயில் மாதிரி நிற்காமல் ஓடும். நோட்டைக் காட்டினேன். கதிர்வேல் பார்த்துவிட்டு, "லோடு ஜாஸ்தி சார், அந்த நேரத்துல லைன்ல லோடு ஜாஸ்தியா இருக்கும்" என்று சொல்லிவிட்டுப் போனார். அவர் சொன்னது எவ்வளவு சரி என்பது பிறகுதான் தெரிந்தது.

இனி விழாவுக்கு வருகிறேன். அன்று காலை பத்தரைக்கெல்லாம் நான் குளித்து, வெள்ளைச் சட்டை போட்டு, நாற்காலியில் தயார். போனை டிபன் கேரியரில் சாய்த்து வைத்தேன். அது கொஞ்சம் அண்ணாந்து பார்த்தது. "ஒங்க மூஞ்சியவிட மேல சுத்துற ஃபேன்தான் நல்லா தெரியுது" என்றாள் உன் அக்கா. தெரியட்டும், காற்றோட்டமான வீடு என்று நினைப்பார்கள் என்றேன். மிக்ஸி போடக் கூடாது, ரௌட்டர் பக்கம் யாரும் போகக் கூடாது என்று உத்தரவு போட்டேன். அவளும் ஒன்றும் செய்யவில்லை. சிதம்பரத்தில் எல்லாரும் நம் வீட்டைப் பார்ப்பார்களே என்று காலையிலேயே வீடு துடைத்து, பெரிய ஜமக்காளத்தைத் துவைத்துப் பின்னால் காயப்போட்டாள், அவ்வளவுதான்.

வாழ்த்துரையை மூன்று பக்கம் எழுதி வைத்திருந்தேன் மச்சான். முதல் பக்கம் உன் நேர்மை. நான் பேசியது இது: "வயல அளக்கப் போன எடத்துல நம்ம பூவராகன் யார்கிட்டயும் கை நீட்டிக் காசு வாங்கினத நான் பார்த்ததில்ல. இத நான் எந்தக் கோயில்ல வேணும்னாலும் சூடம் அடிச்சு சத்தியம் பண்ணுவேன்." மண்டபத்தில் திரையில் கேட்டது என்ன என்று மறுநாள் ஜெயப்பிரகாஷ் சொன்னான். "கை நீட்டிக் காசு வாங்கினத நான் பார்த்த" என்பதோடு படம் நின்றுவிட்டதாம். நான் வாயைப் பிளந்தபடி உறைந்துபோய், பிறகு உயிர் வந்து, "எந்தக் கோயில்ல வேணும்னாலும் சூடம் அடிச்சு சத்தியம் பண்ணுவேன்" என்றேனாம்.

இரண்டாவது பக்கம் உன் வீட்டு உபசரிப்பு. "அவர் வீட்டுக்கு யாரு போனாலும் ஒரு வாய் காப்பி குடுக்காம அனுப்பினது கெடையாது. அதுக்குக் காரணம் எங்க தங்கச்சி ராணியம்மாவோட கொணம்" என்றேன். நடுவில் அந்தக் "கெடையாது" மட்டும் காணாமல் போயிருக்கிறது. முன் வரிசையில் புதுப் புடவையோடு உட்கார்ந்திருந்த தங்கச்சி தலையைக் குனிந்துகொண்டது என்று கேள்விப்பட்டு அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை. எத்தனை தடவை அந்தக் கையால் காப்பி வாங்கிக் குடித்திருக்கிறேன்!

நம் பாஷையை நினைத்தால் எனக்கு இப்போது ஆத்திரமாக வருகிறது. இல்லை, கிடையாது, மாட்டேன், முடியாது, எல்லாவற்றையும் கடைசியில் கொண்டுபோய் வைத்திருக்கிறார்கள். இங்கிலீஷ்காரன் "நோ"வை முன்னாலேயே போட்டுவிடுகிறான், அவனுக்கு நெட் போனாலும் மானம் போவதில்லை.

மூன்றாவது பக்கம் 2011 தானே புயல். உனக்கு நினைவிருக்கிறதோ என்னவோ, எனக்கு ஒரு நிமிஷம்கூட மறக்கவில்லை. அப்போது நாங்கள் மேல்பட்டாம்பாக்கத்தில் வாடகைக்கு இருந்தோம். விடியும்போது எனக்கு நெஞ்சு வலி. ரோடெல்லாம் மரம். ஆம்புலன்ஸ் இல்லை, போன் இல்லை. அப்போது குடியிருந்த நெல்லிக்குப்பத்திலிருந்து அக்கா வீடு என்ன ஆனது என்று பார்க்க நடந்தே வந்த நீ, என்னைப் பார்த்ததும் திரும்பி ஓடி, ஒரு கரும்பு டிராக்டரைப் பிடித்து, ரம்பத்தோடு நாலு பேரைக் கூட்டிக்கொண்டு வந்தாய். டிரெய்லரில் காய்ந்த கரும்புச் சோகை மேல் என்னைப் படுக்கவைத்து, என் முகத்தில் மழை விழாமல் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைக் கவிழ்த்துப் பிடித்துக்கொண்டு, வழியெல்லாம் மரத்தை அறுக்க அறுக்க, கடலூர் ஆஸ்பத்திரிக்கு ஐந்து மணி நேரம். நீ முழுக்க நனைந்துகொண்டே என்னைத் திட்டிக்கொண்டு வந்தாய். "மாமா, கண்ண மூடாதீங்க. எங்கக்காவுக்கு நான் என்னா பதில் சொல்றது? கண்ண மூடுனா ஒதைப்பேன்." இந்தப் பதினாலு வருடத்தில் அதைப் பற்றி நான் உன்னிடம் ஒரு வார்த்தை பேசியதில்லை. நீயும் பேசியதில்லை. வாடகைக் கடையில் எடுத்த அந்த நாற்காலி வழியில் உடைந்ததைப் பற்றி மட்டும் இரண்டு தடவை பேசியிருக்கிறோம்.

சரி, விழாவிலாவது சொல்லிவிட வேண்டும் என்று, "பூவராகன் மட்டும் இல்லன்னா இன்னிக்கு நான்" என்று ஆரம்பித்தேன். அங்கேயும் அந்தப் பாழாய்ப்போன நெட் நின்றுவிட்டது. பின் வரிசையில் யாரோ ஒருத்தர், "எங்கயோ போயிருப்பாரு!" என்று எடுத்துக் கொடுக்க, மண்டபமே சிரித்தது. அந்தச் சிரிப்பை என் காதாலேயே கேட்டேன். சின்னத் திரையில் உன் முகமும் தெரிந்தது. நீ சிரிக்கவில்லை. மைக்கை வாங்கி, "நல்லா பேசினீங்க மாமா. வச்சிடுங்க" என்றாய். வாக்கியத்தின் கடைசியில் வர வேண்டியதும் மற்ற இரண்டைப் போல நல்ல வார்த்தைதான் மச்சான். என்ன வார்த்தை என்று உனக்கே தெரிந்திருக்கும். அதை இங்கே எழுதி இடத்தை அடைப்பானேன்.

குற்றவாளி யார் என்று கேள். மறு திங்கட்கிழமை கதிர்வேல் வந்து கொல்லைப் பக்கம் போனவர், "அம்மா! இது துணி காயப்போடுற கொடி இல்லம்மா, ஃபைபர் கேபிள்!" என்று கத்தினார். மாடியிலிருந்து கிணற்றடி வழியாக வரும் கறுப்பு ஒயரைக் கம்பெனிக்காரர்கள் தனக்காகக் கட்டிக் கொடுத்த கொடி என்று உன் அக்கா நினைத்திருக்கிறாள். "நல்லா வழுவழுன்னு துரு புடிக்காம இருந்துச்சு" என்கிறாள். திங்களும் வெள்ளியும் புடவை, வேட்டி. விழா அன்று எட்டு முழம் ஈர ஜமக்காளம். பதினொரு மணிக்குக் கடல் காற்று எழும்பும், ஜமக்காளம் ஆடும், ஒயர் மடங்கும், நெட் போகும். காற்று நின்றால் வரும். லோடு ஜாஸ்தி என்று கதிர்வேல் சொன்னது இந்த லோடுதான். ஆகவே உன்னை அவமானப்படுத்தியது நான் அல்ல, உன் கூடப்பிறந்த அக்காவின் ஜமக்காளம் என்பதைத் தெரிவித்துக்கொள்கிறேன். வைஃபையையும் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். ரௌட்டர் இப்போது குங்குமத்தோடு அரிசி டிரம் மேல் இருக்கிறது.

ஆனாலும் வருத்தம் போகவில்லை. தினமும் சாயந்தரம் ஆறு மணிக்கு நீ போன் பண்ணி, "அக்கா, என்னா கொழம்பு?" என்று கேட்பாய். இப்போதும் உன் அக்கா ஆறு மணிக்குப் போனை மடியில் வைத்துக்கொண்டு உட்காருகிறாள். ஏழு மணிக்கு எழுந்து போகிறாள். என்மேல் கோபம் இருந்தால் இருக்கட்டும், அவளுக்காவது போன் பண்ணு.

தங்கச்சி ராணியம்மாளிடம், நான் கேட்ட மன்னிப்பை ஒரு காப்பி குடிக்கிற நேரம் எடுத்துப் பக்குவமாகச் சொல்லவும். ஜெயப்பிரகாஷ் நூறு வயசு நன்றாக இருக்க எங்கள் இருவர் ஆசியும் உண்டு. உன் ஓய்வுக்காலம் வெயில் படாமல், வயல் வரப்பு மிதிக்காமல், சுகமாகக் கழியட்டும்.

இப்படிக்கு,
பேசத் தெரிந்தவன் என்று நினைத்துக்கொண்டிருந்த
உத்திராபதி

பின்குறிப்பு: கவரை ஒட்டுவதற்கு முன் உன் அக்கா இதை வாங்கிப் படித்தாள். ஜமக்காளம் என்று வந்த இடத்தில் எல்லாம் என்னை நிமிர்ந்து பார்த்தாள். பிறகு போய்த் தன் போனை எடுத்து வந்தாள். ஜெயப்பிரகாஷ், மண்டபத் திரையில் நான் பேசியதையும் சேர்த்து விழாவை முழுசாக வீடியோ எடுத்து, மாமாவிடம் காட்ட வேண்டாம் என்று சொல்லி அத்தைக்கு மட்டும் அனுப்பியிருக்கிறான். "ஒங்களப் பாக்காதீங்க, ஃபேனப் பாருங்க" என்றாள்.

முதல் இடத்தில் நான் வாயைத் திறந்தபடி நிற்கிறேன். தலைக்கு மேல் ஃபேனும் நிற்கிறது. இரண்டாவது இடத்திலும் நான் நிற்கிறேன், ஃபேனும் நிற்கிறது. மூன்றாவது இடத்தில் நான் நிற்கிறேன். ஃபேன் சுற்றுகிறது. சுவரில் காலண்டர் படபடக்கிறது. உன் அக்கா செம்பில் தண்ணீரோடு பின்னால் வந்து, என்னைப் பார்த்து நின்று, திரும்பிப் போகிறாள்.

"அப்ப நெட்டு நல்லாத்தான் இருந்துச்சு. போயிருந்தா அவுங்க சிரிச்சது ஒங்களுக்கு எப்பிடி கேட்டுது? நீங்கதான் நின்னுட்டீங்க. அதுக்கு எஞ் ஜமக்காளத்து மேல பழியா?" என்றாள். "போவட்டும், அங்கதான் வாய் வரல. இந்தக் கடுதாசியில மத்த ரெண்டையும் முழுசா எழுதின மனுசன், மூணாவத மட்டும் ஏன் பாதியில வுட்டிருக்கீங்க? கடுதாசிக்கும் நெட்டு வேணுமா?"

ஆகவே மச்சான், மேலே எழுதியதில் நெட்டைப் பற்றியும் ஜமக்காளத்தைப் பற்றியும் உள்ளதில் மூன்றில் ஒரு பங்கை அடித்துவிடவும். கதிர்வேலை வந்து ரௌட்டரைத் திரும்ப மாட்டச் சொல்லியாகிவிட்டது. உன் அக்காவுக்குத் தனியாக ஒரு கொடி கட்டியாகிவிட்டது. வருகிற ஞாயிற்றுக்கிழமை ஜெயப்பிரகாஷை காரோடு அனுப்பு, சீட்டைச் சாய்த்துப் போடச் சொல், வருகிறேன். நேரில் வந்தாலும் அந்த இடத்தில் மறுபடி நின்றுவிடுவேன் என்று எனக்குத் தெரியும். அதனால் இங்கேயே எழுதிவிடுகிறேன்.

பூவராகன் மட்டும் இல்லன்னா இன்னிக்கு நான் இல்ல.

கடைசி வார்த்தை இருக்கிறதா என்று உன் அக்காவிடம் காட்டினேன். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்துவிட்டு, இருக்கு என்றாள்.