பக்கத்து வீட்டு க்பூர்

சிட்னியிலேயே மரியாதை கெட்ட மனுஷன் யார் என்று போட்டி வைத்தால், பென்டில் ஹில்லில் எங்கள் பக்கத்து வீட்டுக் கிழவர்தான் முதலாவதாக வருவார். பரிசு கொடுக்கப் போனவரை, "ஏன் பிந்தி வந்தனீ?" என்று திட்டிப்போட்டுக் கதவையும் சாத்துவார்.

போலந்திலிருந்து வந்த மனிசன். குட் மோர்னிங் சொன்னால், "உன்ர குப்பை வாளி கோணலா நிக்குது" என்பார் (அவருடைய அரைகுறை இங்கிலீஷைத் தமிழில் தருகிறேன்). நாங்கள் வேலையால் வர, எங்கள் பூங்கன்றுகள் இடம் மாறி நிற்கும். கேட்டால், "நீ நட்டது பிழை." மன்னிப்பா? மூச்!

செவன் ஹில்ஸில் என்னோடு வேலை செய்கிற போலந்துப் பெண்ணிடம் இந்த அநியாயத்தைச் சொல்லி அழுதேன். "இதுக்கெண்டே எங்களிட்ட ஒரு சொல் இருக்கு. க்பூர். மரியாதை தெரியாத முரடன்" என்றாள். ஆஹா, அளவெடுத்துத் தைத்த சட்டை! அன்றிலிருந்து எங்கள் வீட்டில் அவர் க்பூர்தான்.

பிறகு தைப்பொங்கல் வந்தது. பதினொரு வருஷம் வாடகை வீடுகளில் அலைந்து, கடைசியில் வாங்கிய வீட்டில் முதல் பொங்கல். "பால் பொங்கி வழியாட்டி இந்த வீடு எங்களுக்குச் சரிவராதப்பா" என்று என் மனிசி முதல் நாளே பயந்துகொண்டிருந்தாள். கராஜ் வாசலில் கோலம், கேஸ் அடுப்பு, புதுப்பானை. பால் நுரைத்து விளிம்புக்கு வந்துவிட்டது. "பொங்கலோ..." என்று நாங்கள் வாயைத் திறக்க, வேலியைத் தாண்டிக் குதித்து ஓடி வந்த க்பூர், ஒரே திருகில் அடுப்பை நிற்பாட்டினார். பால் பொசுக்கென்று இறங்கிவிட்டது.

"ரெண்டு பேரும் என்ன பாத்துக்கொண்டு நிக்கிறியள்? பால் வழியப் போகுது!"

மனிசிக்குக் கண் கலங்கிவிட்டது. கோபம் உச்சிக்கு ஏற, "க்பூர்!" என்று கத்தியேவிட்டாள்.

அவருக்கு விளங்கிவிடுமே என்று நான் அவள் வாயைப் பொத்தப் போனேன். கிழவரோ நெஞ்சை நிமிர்த்தினார். "ஓம்! அப்பாவும் க்பூர், அப்பப்பாவும் க்பூர். உனக்கு ஆர் சொன்னது?" அவர் போலந்திலேயே தனிப் பாஷை பேசுகிற, பால்டிக் கடற்கரைப் பக்கத்துக் கசூபியர் இனமாம். அவர்களுடைய பாஷையில் க்பூர் என்றால் சொந்த நிலமும் குதிரையும் வைத்திருக்கிற பெரிய கமக்காரனாம்!

பால் வழியத்தான் வேண்டும் என்று நான் மெல்லச் சொன்னேன். மனிசனின் முகம் விழுந்துவிட்டது. விறுவிறென்று வீட்டுக்குப் போய், இரண்டு லீற்றர் பாலோடு திரும்பி வந்தார். எங்கள் கதிரையை இழுத்துப் போட்டுப் பானைக்குக் காவல் இருந்தார். பால் நாலு பக்கமும் வழிந்தபோது எங்களைவிடப் பெரிதாகக் கூவியது அவர்தான். மனிசி வயிறு நோகச் சிரித்தாள்.

பிறகு அந்தச் சொல்லைத் தேடிப் பார்த்தேன். பழைய ஜெர்மன் சொல்லாம்; அங்கிருந்துதான் இரண்டு பாஷைக்கும் போயிருக்கிறது. ஆதிக் கருத்து, கூடக் குடியிருப்பவன். அயலவன்.

போன வருஷம் மகளோடு இருக்க மெல்பேர்ன் போய்விட்டார். இப்போது பக்கத்து வீட்டில் இருப்பவர் தங்கமான மனுஷன். எங்கள் குப்பை வாளி குப்புற விழுந்து கிடந்தாலும் ஒரு வார்த்தை சொல்லமாட்டார்.

இந்தத் தையில் பால் விளிம்புக்கு வந்ததும், என் மனிசி தானே அடுப்பை நிற்பாட்டினாள். "ஐயோ, என்ன செய்யிறாய்?" என்று பதறினேன்.

கதிரையில் போனை நிமிர்த்தி வைத்தபடி சொன்னாள்: "பொறுங்கோ. க்பூர் இன்னும் லைனுக்கு வரேல்ல."