ஆறு நாடுகளும் ஒரு சாம்பிராணிச் சட்டியும்

ஒழுங்கில்லாத மனிதன் ஒரு தவறைத் தொடங்கினால் பெரும்பாலும் பாதியிலேயே விட்டுவிடுவான். அதற்குள் அவனுக்கு வேறு ஏதாவது ஞாபகம் வந்துவிடும். ஒழுங்கான மனிதன்தான் ஆபத்தானவன். தவறை முறைப்படி ஆரம்பித்து, ஒரு படிகூட விடாமல் செய்து முடித்து, கையைக் கழுவித் துடைத்துக்கொண்டு திருப்தியாக வீட்டுக்கு வருவான். நான் ஒழுங்கானவன். பள்ளிக்கூட நாளிலிருந்து தினமும் நாட்குறிப்பு எழுதுகிறேன். தலைப்புக்குச் சிவப்பு மை, மற்றதற்கு நீலம். (இதை என் வீட்டில் யாரும் வெளியாரிடம் பெருமையாகச் சொல்வதில்லை.)

தொண்ணூறுகளின் நடுவில் பாளையங்கோட்டையில் ஒரு கல்லூரியின் ஆராய்ச்சித் திட்டத்தில் தற்காலிக உதவியாளனாக இருந்தேன். திட்டம் பெரியது. உலகத்தின் காற்று மாறிக்கொண்டு வருகிறது. அதை ஒவ்வொரு நாடும் தன்னிஷ்டத்துக்கு அளந்தால் ஒன்றோடொன்று ஒப்பிட முடியாது என்று ஆசியாவில் ஆறு நாட்டு அரசுகள் கூடிப் பேசியிருந்தன. ஒரே நாளில், அவரவர் ஊர்ப் பிற்பகலில், ஒரே மாதிரியான கண்ணாடிக் குப்பியில், ஊர்ப்புகை படாத இடத்துக் காற்றைப் பிடித்து, எல்லாக் குப்பிகளையும் ஒரே ஆய்வுக்கூடத்துக்கு அனுப்புவது என்று முடிவு. இந்தியாவிலிருந்து போகும் குப்பிகளில் ஒன்றை நிரப்பும் பொறுப்பு எங்களுக்கு. மணிமுத்தாறு அணைக்குச் சற்று மேலே, மலைச்சரிவில், மொட்டை மாடியோடு ஒரு சின்னக் கட்டடம் எங்கள் ‘நிலையம்’.

முதல் குப்பி சரியாக அமைந்தால் எங்கள் நிலையம் நிரந்தரப் பட்டியலில் சேரும். சேர்ந்தால் என் வேலை நீளும். நீண்டால் கோமதியைக் கட்டிக் கொடுப்பதாக அவள் அப்பா சொல்லியிருந்தார். அவருக்கு டவுண் ரத வீதியில் துணிக்கடை. என் வேலையை விளக்கச் சொல்லி ஒருமுறை கடைக்கே கூப்பிட்டு உட்காரவைத்தார். நானும் வரைபடம் போட்டு விளக்கினேன்.

“ஆக, காத்தைப் பாட்டில்ல பிடிக்கியோ.”

“ஆமா மாமா.”

“பிடிச்சு?”

“வெளிநாட்டுக்கு அனுப்புவோம்.”

“அங்கன காத்து இல்லையா?” என்றார். பிறகு ஒரு சேலையை மடித்து வைத்துவிட்டு, “வேலை நிலைக்கட்டும் தம்பி. பொறவு பாப்போம்” என்றார்.

குப்பி பிடிக்கும் நாளைத் தீர்மானிக்க ஆறு நாடுகளும் நெடுநாள் கடிதம் எழுதிக்கொண்டன. ஒரு தேதியில் ஒரு நாட்டுக்குத் தேசிய தினம். இன்னொன்றில் இன்னொரு நாட்டுக்குப் புத்த விழா. வேறொன்றில் மற்றொரு நாட்டு அமைச்சருக்கு வெளியூர்ப் பயணம். எல்லோருடைய வசதியையும் பார்த்துப் பார்த்துக் கடைசியில் அக்டோபரில் ஒரு நாளைப் பிடித்தார்கள். அது ஆயுத பூஜை.

பேராசிரியர் ரொட்ரிகோ தூத்துக்குடிக்காரர். அவர் வீட்டில் அன்றைக்கு ஒரு ஞானஸ்நானம். “நீ இருக்கும்போது எனக்கு என்னப்பா கவலை? கையேட்டில் உள்ளபடி செய், போதும்” என்று சொல்லிவிட்டு முந்தின நாளே பஸ் ஏறிவிட்டார். கையேட்டை நான் மனப்பாடமே செய்திருந்தேன்.

காலையில் நிலையத்துக்குப் போனால் காவலர் இசக்கிமுத்து அண்ணாச்சி எனக்கு முன்னால் தயாராக இருந்தார். ஜீப்புக்கு மாலை. ஸ்பேனர்களுக்குச் சந்தனம். மண்வெட்டிக்குக் குங்குமம். சரஸ்வதி படத்துக்கு முன்னால், பொரி கடலைக்கும் வாழைப்பழத்துக்கும் நடுவில், வெளிநாட்டிலிருந்து வந்த எங்கள் காற்றுப் பம்பு நெற்றியில் பொட்டோடு உட்கார்ந்திருந்தது.

“அண்ணாச்சி, இதை எதுக்கு எடுத்து வச்சீங்க?”

“நம்ம நிலையத்துக்கு அதுதானே தம்பி ஆயுதம்? மம்பட்டிக்கு மரியாதை செஞ்சுட்டு அதை மூலையில போட்டா நல்லாருக்குமா?”

“மத்தியானம் இதுலதான் காத்துப் பிடிக்கணும்.”

அண்ணாச்சி என்னை ஏற இறங்கப் பார்த்தார். “பூசையில வச்ச சாமானை நாளைக் காலம்பற வரைக்கும் தொடப்படாதுல்லா?”

“ஆறு நாட்டுக்காரங்களும் இன்னைக்கு மத்தியானம்தான் பிடிக்காங்க அண்ணாச்சி.”

“அவ்வளவு படிச்சவங்க பஞ்சாங்கம் பாக்கமாட்டாவளா வே?”

பம்பைத் தூக்கிக்கொண்டு போனால் அண்ணாச்சி மனம் நோகும். (என் அம்மாவுக்குத் தெரிந்தால் வீட்டில் சோறு கிடைக்காது.) பிடிக்காமல் விட்டால் ஆறு நாட்டுக்கும் பதில் சொல்ல வேண்டும், ரத வீதிக்கும் சொல்ல வேண்டும். வராந்தாவில் உட்கார்ந்து யோசித்தேன். ஒழுங்கானவனுக்கே உரிய ஒரு யோசனை வந்தது. அதை நினைத்தால் இன்றைக்கும் காது சூடாகிறது.

பூஜை இன்னும் ஆரம்பிக்கவில்லை. ஆக, பம்பைத் தொடலாம். மாடிக்குக் கொண்டுபோய்க் குழாயை மாட்டி, குப்பியைப் பொருத்தி, ஓடவிட்டுவிடுவோம். குப்பி நிரம்பியதும் பம்பு தானாக நிற்கும். வால்வும் தானாக மூடிக்கொள்ளும். ஓட ஆரம்பித்த பிறகு பூஜையைச் செய்தால் யாரும் எதையும் தொட வேண்டியதில்லை. அறிவியலும் கெடாது, ஆசாரமும் கெடாது.

அண்ணாச்சியிடம் சொன்னேன். “நீரு பெரிய ஆளுவே!” என்று முதுகில் தட்டினார். எனக்கும் அப்படித்தான் தோன்றியது.

சரஸ்வதி படம், பொரி, பழம், பம்பு எல்லாம் மாடிக்குப் போயின. மாடி நடுவில் ஒரு கம்பம். அதன் உச்சியில் மழை விழாதபடி கவிழ்த்து வைத்த ஒரு புனல். அதன் வழியாகத்தான் பம்பு காற்றை இழுக்கும். குறித்த நேரத்தில் சுவிட்சைப் போட்டேன். பம்பு மெல்ல உறுமியது. கைகூப்பி நின்றேன். அண்ணாச்சி தேங்காய் உடைத்தார். கற்பூரம் காட்டினார். பிறகு தணல் போட்ட மண்சட்டியில் தாராளமாகச் சாம்பிராணியை அள்ளிப் போட்டு, படத்துக்குக் காட்டி, பம்புக்குக் காட்டி, கம்பத்தை அண்ணாந்து பார்த்தார்.

“தம்பி, அதுதானே இதுக்கு மூக்கு?”

“ஆமா அண்ணாச்சி.”

“அதுக்கும் காட்டிருவோம்.”

ஸ்டூலைப் பிடித்துக்கொண்டது நான்தான். “பைய, அண்ணாச்சி, பைய ஏறுங்க” என்றதும் நான்தான். அவர் சட்டியைப் புனலுக்கு நேர் கீழே பிடித்துக்கொண்டு விசிறியால் வீசினார். காற்று அசையாத பிற்பகல் அது. புகை அடக்கமாக நேராக மேலே போயிற்று. பம்பு வேலையை முடித்து நின்றபோது, “சாமி ஏத்துக்கிட்டு” என்று இறங்கினார்.

அறிக்கைத் தாளில் வானிலை, காற்று, வெப்பம் எல்லாவற்றையும் பூர்த்தி செய்தேன். ‘அருகில் நெருப்போ புகையோ உண்டா?’ என்று ஒரு கேள்வி. சுற்றிலும் பார்த்தேன். மலை பச்சையாக இருந்தது. ‘இல்லை’ என்று எழுதி அடிக்கோடும் போட்டேன். சத்தியமாகப் பொய் சொல்லவில்லை. சாம்பிராணி புகைதான் என்பது மண்டையில் ஏறவே இல்லை. அது சாமிக்குப் போட்டது.

சில மாதம் கழித்து ஒரு நாள் அண்ணாச்சி கல்லூரிக்கே வந்துவிட்டார்.

“தம்பி, வனத்துறைக்காரவ வந்து மாஞ்சோலைப் பக்கம் காட்டுத்தீ எங்கனன்னு கேக்குதாவ. நான் இந்த வருசம் பீடித்தீயைக்கூடப் பாக்கலன்னுட்டேன். நம்ப மாட்டேங்காவ.”

விஷயம் இதுதான். வெளிநாட்டு ஆய்வுக்கூடம் தில்லிக்கு எழுதியிருந்தது; தில்லி சென்னைக்கு எழுதியது; சென்னை மாவட்டத்துக்கு எழுதியது; மாவட்டம் வனத்துறையிடம் கேட்டது. ஆறு நாட்டுக் குப்பிகளில் மற்றவை எல்லாம் மலைக்காற்றாக இருந்தன. எங்கள் குப்பியில் மட்டும் ஒரு காடே எரிந்திருந்தது. ரொட்ரிகோ சார் கடிதத்தை என்னிடம் நீட்டினார்.

“அன்னைக்கு ஏதாவது வித்தியாசமா நடந்துச்சாப்பா?”

“எல்லாம் கையேட்டுப்படிதான் சார்” என்றேன், நெஞ்சை நிமிர்த்தி.

நிலையத்தை வைத்துக்கொள்வதா, நீக்குவதா என்று பார்க்க ஆறு நாடுகளின் சார்பில் தாய்லாந்திலிருந்து டாக்டர் மாலி என்ற அம்மையார் வந்தார். சிறிய உருவம், பெரிய தொப்பி. செய்தி டவுணுக்கும் போய்விட்டது. “தீ விபத்தாமே தம்பி?” என்று கோமதியின் அப்பா கடைப் பையன் மூலம் கேட்டு அனுப்பியிருந்தார். நான் இரண்டு நாளாகச் சரியாகச் சாப்பிடவில்லை.

மாடியில் நாங்கள் நால்வரும் நின்றோம். டாக்டர் மாலி எதையும் குற்றமாகக் கேட்கவில்லை. “அன்றைக்குச் செய்ததை வரிசையாகச் சொல்லுங்கள்” என்றார், அவ்வளவுதான். வரிசை என்ற சொல்லைக் கேட்டதும் எனக்குத் தெம்பு வந்துவிட்டது. கொஞ்சம் பெருமையோடே, என் கல்லூரி ஆங்கிலத்தில் தொடங்கினேன். குழாயை மாட்டினோம். கசிவு பார்த்தோம். பம்பை ஓடவிட்டோம். படத்துக்குப் பூப் போட்டோம். தேங்காய் உடைத்தோம். அதன் பிறகு...

சாம்பிராணிக்கு ஆங்கிலம் வரவில்லை. “சாம்பிராணி” என்று தமிழிலேயே சொல்லிப் பார்த்தேன். அண்ணாச்சிக்கு என் தவிப்பு புரிந்துவிட்டது. “இரும் தம்பி, காட்டிருவோம்” என்று கீழே போய், தணலோடு சட்டியைக் கொண்டுவந்து, ஒரு கை சாம்பிராணியைத் தூவி, ஸ்டூலில் ஏறி, அன்று நின்ற அதே இடத்தில் நின்று வீசினார்.

புகை எழுந்தது. அவசரமே இல்லாமல், தன் வீட்டுக்குள் போவதைப் போலப் புனலுக்குள் போயிற்று. நாங்கள் எல்லோரும் அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தோம். அந்தக் காட்டுத்தீ எதுவென்று எனக்கு அந்த நிமிடத்தில்தான் தெரிந்தது. ரொட்ரிகோ சார் நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டார்.

“இதுதாம்மா சாம்பிராணி. நல்ல வாசமா இருக்குல்லா?” என்றார் அண்ணாச்சி, மேலிருந்து.

டாக்டர் மாலி தொப்பியைக் கழற்றினார். ஓரமாகப் போய்க் கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டார். தோள் குலுங்கியது. அந்த அம்மா அழுகிறார் என்று நினைத்துப் பயந்துவிட்டேன். திரும்பியபோது கண்ணில் தண்ணீர் இருந்தது. ஆனால் சிரிப்பு அடங்கவில்லை. அவர்களுடைய நிலையத்து வாசலில் காவல் தேவதைக்கு ஒரு குட்டி வீடு உண்டாம். ஊழியர்கள் தினமும் காலையில் அதற்கு ஊதுவத்தி கொளுத்துவார்களாம். அவர்கள் நாட்டுக் காற்று ஏன் காலையில் மட்டும் கெட்டுப்போகிறது என்று ஒரு வருஷம் ஆராய்ச்சி செய்தார்களாம். “கட்டுரையே எழுதிவிட்டேன். நல்லவேளை, அச்சாகவில்லை” என்றார்.

சாருக்குப் போன உயிர் வந்தது. எனக்கு வரவில்லை. முடிவு ஆறு நாட்டுப் பிரதிநிதிகளின் கூட்டத்தில்தான் என்று சொல்லிவிட்டு, அண்ணாச்சி பொட்டலம் கட்டிக் கொடுத்த கொஞ்சம் சாம்பிராணியையும் வாங்கிக்கொண்டு டாக்டர் மாலி கிளம்பினார்.

அந்தக் கூட்டத்துக்கு ரொட்ரிகோ சார் போனார். திரும்பி வந்து சொன்னதை நினைத்தால் இன்றும் சிரிப்பு வருகிறது. முதல் நாள் முழுக்க எதிலும் ஒற்றுமை இல்லையாம். அடுத்த கூட்டம் எங்கே, அறிக்கையில் எந்த நாட்டின் பெயர் முதலில், எல்லாவற்றுக்கும் தகராறு. இரண்டாம் நாள் ‘மணிமுத்தாறு குப்பி’ விவாதத்துக்கு வந்தது. சார் எழுந்து நடந்ததை அப்படியே சொன்னார். பிறகு மலைநாட்டுப் பிரதிநிதி ஒருவர் தொண்டையைக் கனைத்துக்கொண்டு, தங்கள் நிலையத்தில் காலையில் நறுமணத் தழை எரிப்பது வழக்கம் என்றார். பக்கத்து நாட்டுக்காரர், கொசுவுக்கு வேப்பிலை மூட்டம் போடுவதுண்டு என்றார். பெரிய அதிகாரி ஒருவர், காற்றுப் பிடிக்கும் இடத்தில்தான் தங்கள் ஊழியர்கள் மீன் சுடுகிறார்கள் என்பதைத் தலைகுனிந்து ஒப்புக்கொண்டார். அதற்குப் பிறகு கூட்டம் உறவுக்காரர்கள் கூடியதைப் போல ஆகிவிட்டதாம்.

ஆறு அரசுகளும் ஒருமனதாகக் கையேட்டில் ஒரு வரியைச் சேர்த்தன: ‘மாதிரி எடுக்கும் நேரத்தில் நிலையத்தின் அருகே வழிபாடு, சமையல் முதலியவை கூடாது.’ உலக அறிவியலுக்கு என் பங்களிப்பு அந்த ஒரு வரிதான். என் பெயர் அதில் இல்லை. இருக்க வேண்டும் என்று நான் வற்புறுத்தவும் இல்லை. நிலையம் தப்பியது. வேலை நீண்டது. அண்ணாச்சிக்குப் பூஜை செய்யக் கீழ்த்தளம் ஒதுக்கப்பட்டது.

கோமதியின் அப்பாவிடம் போய் எல்லாவற்றையும் ஒளிக்காமல் சொன்னேன். அவர் கணக்குப் பிள்ளையைக் கூப்பிட்டு, “கேட்டேரா? இவன் போட்ட சாம்பிராணி ஆறு நாட்டுக் கவர்மெண்டு வரைக்கும் மணந்திருக்கு” என்றார். தை மாதத்தில் முகூர்த்தம் பார்த்தார்கள். ஓமப்புகையில் கண்ணைக் கசக்கிக்கொண்டு நான் உட்கார்ந்திருந்தபோது, முன்வரிசையிலிருந்து ரொட்ரிகோ சார் எட்டிப்பார்த்து, “வால்வை மூடிட்டியாப்பா?” என்று கேட்டார்.

அத்தோடு முடிந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். கோமதிக்கு யாரோ அதை விளக்கிச் சொல்லிவிட்டார்கள். அன்றிலிருந்து இன்றுவரை, வெள்ளிக்கிழமை சாயங்காலம் தூபம் போடுவதற்கு முன்னால், சட்டியைக் கையில் ஏந்திக்கொண்டு என் அறை வாசலில் வந்து நிற்கிறாள். நான் சிவப்பு மையில் தலைப்பு எழுதிக்கொண்டிருப்பேன்.

“ஏங்க, சாம்பிராணி போடப் போறேன். ஆறு நாட்டுக்காரவளும் காத்துப் பிடிச்சு முடிச்சாச்சான்னு ஒரு வார்த்தை கேட்டுச் சொல்லுங்க.”

“முடிச்சாச்சு” என்று சொல்லும்வரை அவள் நகர்வதில்லை.