பச்சைக் கேட்டு வரை வந்த பாட்டு

திருமுல்லைவாயில்,
12.5.1993

அன்புள்ள மைத்துனர் ராயப்பனுக்கு,

ஆண்டவர் அருளால் இங்கே அனைவரும் நலம். குமணன்சாவடியில் நீங்களும் உங்கள் பேண்டு செட்டும், குறிப்பாக உங்கள் டிரம்பெட்டும் நலமாக இருக்க வேண்டுகிறோம். உங்களுக்கு நன்றி சொல்லவே இக்கடிதம்.

எங்கள் ரோஸியைப் பெண் பார்க்கக் கிளம்பிய முதல் இரண்டு குடும்பங்களும் வீடு வந்து சேரவில்லை என்பது உங்களுக்குத் தெரியும். எங்கள் நகரில் எல்லாத் தெருவும் ஒரே அச்சு. தெருமுனையில் யாரோ ஒரு பெண்ணிடம் வழி கேட்டார்களாம். அவள் கைகாட்டிய பக்கம் போன முதல் குடும்பம் அம்பத்தூரில் போய் நின்றது. இரண்டாவது குடும்பம் பின்தெருவில் வேறொரு வீட்டில் நுழைந்து பஜ்ஜி சாப்பிட்டுவிட்டு, அந்த வீட்டு வசந்தாவையே நிச்சயம் செய்துவிட்டது. "இத்தன வருசமா பசங்களுக்கு மேப்பு போட்டீங்களே, நம்ம ஊட்டுக்கு வழி சொல்லத் தெரியலியே!" என்று உங்கள் அக்காள் சகாயமேரி அழுதாள். இந்த நிலையில்தான் ஆவடி குவார்ட்டர்ஸிலிருந்து ஜேம்ஸ் என்ற பையனின் வீட்டார் வருவதாகத் தகவல் வந்தது. இதையும் விட்டால் பெண்ணுக்கு வயது ஏறிவிடும். வழியைப் பாடமாகச் சொன்னால் மறப்பார்கள், பாட்டாகச் சொன்னால் மறக்கமாட்டார்கள். உதாரணமாக, கங்கையின் துணையாறுகளை நான் பாடித்தான் நடத்தினேன். ஆகவே, தேர்பவனியில் நீங்கள் வாசிக்க, வாலிபர்கள் கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு ஆடுவார்களே, வார்த்தையே இல்லாத அந்த மெட்டு, அதற்கு எங்கள் வீட்டு வழியை எழுதி, ஸ்டேஷன் ஆட்டோக்காரர் உத்தமனிடம் பாடிக் காட்டினேன்.

"சார், வலப்பக்கம்னா ஆட்டோ யோசிக்கும். சோத்தாங்கைப் பக்கம்னு போடு, டக்குனு திரும்பும்" என்றார். போட்டேன். கடைசி அடியில் தாளம் மிச்சமிருந்ததால், "பச்சைக் கேட்டைத் தட்டு தட்டு, பால் காபி கிட்டும் கிட்டும்" என்று நிரப்பினேன். அதுதான் வினை. ஸ்டாண்டில் பாடினார்கள், பால் பூத்தில் பாடினார்கள், கோயில் திருவிழாவில் ஆர்கெஸ்ட்ரா நாகவல்லி மைக்கில் பாட, "ஒன்ஸ்மோர்!" என்று நாற்காலி பறந்ததாம். கரையான்சாவடியில் கேசட்டே விற்கிறதாம். பாட்டின் முடிவில் நிஜமாகவே ஒரு கேட்டு உண்டா என்று பார்க்க ஊரே வந்து தட்டியது. "இன்னா சார், பாட்டுல காபி கீது, ஊட்ல இல்லியா?" என்று கேட்டால் ஒரு வாத்தியார் என்ன செய்வது? சகாயமேரி முணுமுணுத்துக்கொண்டே ஆற்றினாள்.

ஜேம்ஸ் வீட்டார் வந்த ஞாயிற்றுக்கிழமையும் வாசலில் கூட்டம். ஆட்டோவே ஆடிக்கொண்டு வந்தது. பையனின் அம்மா இறங்கிப் பார்த்து, "முகம் தெரியாதவங்களுக்கே காபி கொடுக்கிற வீடு, மருமகளை வேற எங்க தேடுறது?" என்று அங்கேயே சம்மதம் சொல்லிவிட்டார். எல்லாம் உங்கள் மெட்டின் புண்ணியம். கர்த்தர் உங்கள் நுரையீரலைப் பலப்படுத்துவாராக.

என்றும் அன்புடன்,
கிறிஸ்துராஜ்
(ஓய்வுபெற்ற ஆசிரியர்)

பி.கு.: இதைப் படித்துக் காட்டியதும் ரோஸி சிரித்துவிட்டாள். ஜேம்ஸுக்குப் பாட்டே தேவையில்லையாம். டைப்ரைட்டிங் வகுப்பிலிருந்து நம் கேட்டு வரை தினமும் சைக்கிளில் அவள் பின்னாலேயே வந்தவராம். முன்பு தெருமுனையில் வழி சொன்ன பெண்ணும் இவளேதானாம். பூ வாங்கப் போவதாகத்தான் எங்களிடம் சொல்லிவிட்டுப் போனாள். நாங்கள் அனுப்பிய போட்டோவில் பவுடர் அதிகம் என்பதால் அந்த இரண்டு குடும்பத்துக்கும் அடையாளம் தெரியவில்லை. பிறகு மெட்டுக்கு நன்றி எதற்கு என்று கடிதத்தைக் கிழிக்கப் போனேன். "பையனுக்கு வழி தெரியும், சரி. அவங்க அம்மாவை மசிய வெச்சது யாரு? என் காபி!" என்று சகாயமேரி தடுத்தாள். ஆகவே நன்றியில் பாதி அவளுக்கு. மீதியைப் பெற்றுக்கொள்ள டிரம்பெட்டோடு கல்யாணத்துக்கு வரவும். வழியை யாரிடம் வேண்டுமானாலும் கேளுங்கள், ரோஸியிடம் மட்டும் கேட்காதீர்கள்.