மாலை மாற்றலுக்கு ஒரு முதுகு

ஜோகுபாளையம், பெங்களூரு
வெள்ளிக்கிழமை

மகாகனம் பொருந்திய அத்திம்பேர் ஆராவமுதன் அவர்களுக்கு, மைத்துனன் நாராயணசாமி தண்டம் சமர்ப்பித்து எழுதிக்கொண்டது. இங்கே என் முதுகு நீங்கலாக யாவரும் சௌக்கியம். இந்தக் காலத்தில் யார் கடிதம் எழுதுகிறார்கள் என்று சிரிக்க வேண்டாம். வாட்ஸ்அப்பில் தட்டினால் அது எப்படியோ குடும்பக் குழுவில் போய் விழுகிறது. குழுவுக்கு அட்மின் என் சித்தப்பா பிள்ளை ப்ரஹ்லாத். அவன் கண்ணில் மட்டும் இது படக் கூடாது.

விஷயம் இதுதான். உங்கள் பெண் ஸ்ரீலக்ஷ்மியைக் கல்யாணத்தில் மாலை மாற்றும்போது தோளில் தூக்குவது தாய்மாமனான என் உரிமை. அவள் பிறந்த அன்றே மனசுக்குள் துண்டு போட்டு வைத்த இடம். ஆனால் போன வாரம் அக்கா போனில், "நோக்குத்தான் முதுகு சரியில்லையேடா, பேசாம ப்ரஹ்லாத் தூக்கட்டுமே, அவன் ஜிம்முக்கெல்லாம் போறான்" என்றாள். அத்திம்பேரே, அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை. அந்தக் குழந்தையின் நட்சத்திரமாவது தெரியுமா அவனுக்கு?

உடனே கீழ் வீட்டு சுனிதாவிடம் சரணடைந்தேன். ஏரிக்கரைப் பூங்காவில் யோகா சொல்லிக்கொடுக்கும் கன்னடப் பெண். "ஸார், எத்தனை வருஷ கவலைய முதுகுல கட்டி வெச்சிருக்கீங்க? பாலாசனம் ஒண்ணு பண்ணுங்க, அஷ்டே, அவ்வளவுதான். நிதானா பண்ணுங்க" என்றாள். மண்டியிட்டுக் குதிகால்மேல் உட்கார்ந்து, நெற்றி தரையில் படக் குனிந்து, கைகளை முன்னால் நீட்ட வேண்டும். பச்சைக் குழந்தைகள் தூக்கத்தில் செய்வதாம்.

நேற்றுக் காலை கூடத்தில் பாயை விரித்துச் செய்தேன். குனிவதெல்லாம் பேஷாக நடந்தது, நிமிரத்தான் முடியவில்லை, முதுகு பிடித்துக்கொண்டுவிட்டது, காந்தாவைக் கூப்பிடலாம் என்றால் அவள் சமையலறையில் மிக்ஸி போட்டிருக்கிறாள், வாசல் கதவோ திறந்து கிடக்கிறது, அதன் வழியாக வந்தார் பாருங்கள், நம் சம்பந்தி ஆதிகேசவன், கையில் பழத்தட்டோடு! எனக்குத் தெரிந்ததெல்லாம் அவர் பாதங்கள்தான். அவை என் விரல் நுனியில் வந்து திகைத்து நின்றன. "அடடா மாமா, என்ன இது! நான் உங்களைவிடச் சின்னவன். என்னைப் போய்ச் சேவிக்கறேளே!" என்று அவர் பதறினார்.

முதுகு என்று வாயைத் திறந்தால் மதியத்துக்குள் பிள்ளை வீடு முழுக்கத் தெரிந்துவிடும், சாயங்காலத்துக்குள் ப்ரஹ்லாதுக்கு. அதனால், "பொண்ணு வீட்டுக்காரா இல்லையா நாங்க? பணிவு வேண்டாமா?" என்று தரையிடம் சொன்னேன். மனுஷர் உருகிப்போனார். நம் ஆத்து வழக்கம் நாலு தடவை விழுந்து எழுந்து சேவிப்பதல்லவா? "ஒண்ணே போறும் மாமா, மத்த மூணு வேண்டாம்" என்று கெஞ்சினார். முதலாவதே முடியாமல் கிடக்கிறவனிடம்! பிறகு பெரியவரிடம் சேவை வாங்கிய பாவம் தீர வேண்டும் என்று தட்டைக் கீழே வைத்துவிட்டு அவரே என்னைச் சேவிக்க ஆரம்பித்தார். நாலு தடவையும் ரப்பர் மாதிரி விழுந்து எழுந்தார், பொறாமையாக இருந்தது.

அவர் நாலாவது தடவை விழுந்தபோது காப்பியோடு வந்த காந்தா, தலைக்குத் தலை கிடந்த எங்கள் இரண்டு பேரையும் பார்த்துவிட்டு, "நடுவுல எந்தப் பெருமாள் எழுந்தருளியிருக்கார்?" என்றாள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்க அடக்க வயிறு குலுங்கியது, மூச்சு மொத்தமும் வெளியே போனது, அதோடு முதுகில் ஏதோ ஒன்று மெள்ள விட்டுக்கொடுத்தது. எழுந்து உட்கார்ந்தேன். வலி இல்லை! சுனிதா வந்து பார்த்துவிட்டு, மூச்சை விடாமல் இறுக்கிக்கொண்டதுதான் என் தப்பு என்றாள்.

ஆகவே ப்ரஹ்லாதைப் பந்தி விசாரிக்கப் போடுங்கள். ஸ்ரீலக்ஷ்மியைத் தூக்கப்போவது நான்தான். இதில் மறுபேச்சு வேண்டாம். அக்காவுக்கு என் நமஸ்காரம். கல்யாணப் பெண்ணுக்கு மாமாவின் ஆசீர்வாதமும், உயரத்திலிருந்து மாலை போடப் பழகிக்கொள்ளச் சொல்லி ஒரு வார்த்தையும்.

இப்படிக்கு,
நிமிர்ந்து உட்கார்ந்து எழுதும்
நாராயணசாமி

பி.கு.: உறையில் போடுமுன் ஓர் ஒத்திகை பார்த்தேன். ஸ்ரீலக்ஷ்மிக்குப் பதில் அரிசி மூட்டை. மூட்டை அசையவில்லை, நான்தான் மறுபடி தரைக்குப் போனேன். காந்தா ஓடி வந்தாள். மூட்டையை ஒரு கையால் தள்ளிவிட்டு, என்னை அப்படியே வாரித் தூக்கிக்கொண்டுபோய் சோபாவில் வைத்தாள். மூச்சுக்கூட வாங்கவில்லை. இத்தனை வருஷம் இவளோடு குடித்தனம் நடத்தியும் எனக்கு இது தெரியாது. போனில் கேட்ட ஸ்ரீலக்ஷ்மி, "மாமியே தூக்கட்டும் மாமா! நீங்க பக்கத்துல நின்னாலே நேக்குப் போறும்" என்று குதிக்கிறாள். வருத்தமாக இருக்கும் என்று நினைத்தேன், சந்தோஷமாகத்தான் இருக்கிறது. ஆகவே மேலே எழுதியதையெல்லாம் அடித்துவிடவும். மாமாவுக்குப் பதில் மாமி தூக்கலாமா என்று கல்யாணம் பண்ணிவைக்கும் வாத்தியார் ஸ்வாமியைக் கேட்டுச் சொல்லவும். கூடாது என்றால், அதை அவரே நேரில் வந்து காந்தாவிடம் சொல்லட்டும்.