முதலில் எத்தனை, பிறகு யார் யார்

எதையும் ஒரே தடவையில் கேட்டுத் தெரிந்துகொள்ளாத மனிதர் இந்த உலகத்தில் ஒரே ஒருவர்தான் இருந்தார். அவரும் திருவண்ணாமலை செங்கம் சாலையில் நான் வேலை பார்த்த கம்ப்யூட்டர் சென்டரில்தான் இருந்தார். இதை எங்கே வேண்டுமானாலும் சத்தியம் செய்து சொல்வேன். நாங்கள் அவருக்கு வைத்த பெயர் ரெண்டுவாட்டி. அதற்கு அவர் ஒருநாளும் கோபித்துக்கொண்டதில்லை. ஆனால் ஒரு தடவை கூப்பிட்டால் திரும்பிப் பார்க்க மாட்டார். இரண்டாவது தடவைதான் திரும்புவார்.

பக்கத்து ஓட்டலுக்கு அவரோடு டிபன் சாப்பிடப் போவது ஒரு சோதனை.

“மொத்தம் எத்தனை ஐட்டம்பா இருக்கு?”

“இட்லி, பொங்கல், பூரி...”

“பேரு அப்புறம். எத்தனைனு மட்டும் சொல்லு.”

“எட்டு சார்.”

ரெண்டுவாட்டி கண்ணை மூடி மனசுக்குள் எட்டு இடம் ஒதுக்குவார். “இப்ப சொல்லு.” சர்வர் ஒப்பிக்க ஆரம்பிப்பார். அதற்குள் உள்ளேயிருந்து சூடாக வடை வந்துவிடும். பாவம், அவரும் நல்லெண்ணத்தில் அதை ஒன்பதாவதாகச் சேர்த்துவிடுவார்.

“நடுவுல ஒண்ணு ஏறிடுச்சு. எட்டுக்குத்தான் எடம் வச்சேன். செல்லாது. எத்தனைனு மறுபடி மொதல்லேர்ந்து சொல்லு.”

அந்த சர்வர் பிறகெல்லாம் எங்களைப் பார்த்தாலே பின்கட்டுக்குப் போய்விடுவார்.

இது வியாதி இல்லை, தொழில். இரண்டாயிரத்து நான்கு, ஐந்து வாக்கில் எங்கள் சென்டரில் பழைய ஃபோட்டோக்களை ஸ்கேன் செய்து சிடியில் போட்டுக் கொடுப்போம். ஸ்கேன் செய்வது நான். கம்ப்யூட்டரைக் கட்டி மேய்ப்பது அவர். அவர் அதில் போட்டிருந்தது லினக்ஸ் சிஸ்டம். அதில் ஒரு ஃபைலின் உள்ளே இருப்பது போக, அதன் முதுகில் தனியாகச் சில குறிப்புகளை ஒட்டி வைக்க முடியும். வெளிப்பார்வைக்கு ஒன்றும் தெரியாது. ஃபைலின் அளவும் மாறாது. என்னென்ன ஒட்டியிருக்கிறது என்று பட்டியல் கேட்க அதற்கென்றே ஃபங்ஷன் என்று சில கட்டளைகள் உண்டு. அவற்றை இரண்டு தடவை கூப்பிட வேண்டும். முதல் தடவை, பட்டியலுக்கு எவ்வளவு இடம் வேண்டும் என்று மட்டும் கேட்க வேண்டும். அந்த அளவுக்கு இடம் ஒதுக்கிவிட்டு, மறுபடி கூப்பிட்டால் பெயர்கள் வரும். நடுவில் ஒன்று கூடிவிட்டால் இடம் போதவில்லை என்று கையை விரித்துவிடும். வருஷக்கணக்கில் அதோடு பழகிப் பழகி மனிதரும் அப்படியே ஆகிவிட்டார்.

ஃபோட்டோ கொண்டுவருகிறவர்களை அவர் விட மாட்டார். “மொத்தம் எத்தனை பேரு நிக்கிறாங்க?” என்று ஆரம்பிப்பார். பிறகு யார் யார் என்று ஒவ்வொருவராகக் கேட்டு, சொல்லச் சொல்ல டைப் செய்து ஃபைலின் முதுகில் ஒட்டுவார். கீழ்பென்னாத்தூரிலிருந்து காளியம்மாள் என்ற அம்மா ஒரு கல்யாண குரூப் ஃபோட்டோவோடு வந்தபோது, பதினோரு பேருக்கு முக்கால் மணி நேரம் ஆனது. வரிசை வாசலைத் தாண்டிவிட்டது.

கடைசியில் ரெண்டுவாட்டி அந்த அம்மாவிடம் சொன்னார்: “சிடில மூஞ்சி மட்டுந்தாம்மா வரும். நான் ஒட்டுன பேரெல்லாம் வராது. பேப்பர்ல எழுதித் தரட்டுமா?”

“எதுக்குங்க? எங்க வூட்டு ஜனங்கள எனக்குத் தெரியாதா?” என்று சிரித்துவிட்டு அந்த அம்மா போய்விட்டார்.

எங்கள் முதலாளி அக்காவுக்கு இந்த வரிசைதான் ஆகவில்லை. “ஃபோட்டோ போடுற எடத்துல ஜாதகமா எழுதறீங்க?” என்று ஒருநாள் அவரை அனுப்பியேவிட்டார். அவர் அடி அண்ணாமலையில் கிரிவலப் பாதையோரம் ஒரு பெட்டிக்கடை போட்டார். பௌர்ணமிக்குக் கூட்டம் அள்ளும், மற்ற நாளெல்லாம் ஈ ஓட்டுவார். அனுப்பியபோது நான் வாயே திறக்கவில்லை. வரிசை சீக்கிரம் நகரும் என்று உள்ளூர எனக்கும் சந்தோஷம்தான்.

அடுத்த வருஷம் காளியம்மாளின் மகன் ஏழுமலை மொட்டைத் தலையோடு வந்து நின்றார். கையில் அந்த சிடி.

“அம்மா தவறிட்டாங்க. வெள்ளிக்கிழம காரியம். அம்மா படத்துக்குப் பக்கத்துல அப்பா படமும் வச்சிக் கும்புடணுங்க. அப்பா இருக்கறது இந்த ஒரு ஃபோட்டோதான்.”

“சரிங்க, பெருசு பண்ணிடலாம். இதுல அப்பா யாரு?”

அவர் தலை குனிந்துகொண்டார். அவர் அம்மா வயிற்றில் இருக்கும்போதே அப்பா போய்விட்டாராம். அத்தை ஒருவரைக் காட்டினாராம். பெரியப்பா இன்னொருவரைக் காட்டினாராம். இரண்டு பேரும் அடித்துச் சொன்னார்களாம்.

“தப்பான ஆளுக்கு மாலை போட்டுடுவனோன்னு பயமா இருக்குதுங்க.”

பழைய கம்ப்யூட்டர் ஒரு மூலையில் தூசு படிந்து கிடந்தது. அன்று சாயங்காலம் காயலான் கடைக்காரர் எடுத்துப்போக இருந்தார். ஓடிப்போய் அதை முடுக்கினேன். பட்டியல் கேட்கும் ஃபங்ஷன் மூன்று வகை. எனக்கு அரைகுறையாகத்தான் தெரியும். அதில் ஒன்று, சொன்ன இடத்தை விட்டு வேறெங்கும் போகாது என்று படித்த ஞாபகம். அதுதான் பத்திரம் என்று அதையே கூப்பிட்டேன். பூஜ்யம் வந்தது. மறுபடி கேட்டேன். மறுபடியும் பூஜ்யம்.

“ஒண்ணுமில்லைங்க” என்று சொல்ல வாயெடுத்தவள், அவர் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டேன். ஷேர் ஆட்டோ பிடித்து இருவரும் அடி அண்ணாமலைக்குப் போனோம்.

“சார்... சார்!”

திரும்பினார். “எத்தனை பேரு?”

“கண்ணுக்குத் தெரியலயா சார்? ரெண்டு பேரு.”

இரண்டு ஸ்டூலைத் துடைத்துப் போட்டார். “இப்ப சொல்லு. யார் யாரு?”

சொன்னேன். பூஜ்யம் வந்ததையும் சொன்னேன். அவர் கேட்டார்: “ஃபோட்டோ எங்க இருந்துச்சு?”

“முன்னாடியே, கீழ்பென்னாத்தூர்னு ஒரு ஃபோல்டர்ல.”

“அது ஃபோட்டோ இல்லம்மா. ஃபோட்டோ இருக்கற எடத்துக்கு வழி காட்டுற போர்டு. ஊர் ஊருக்குச் சுளுவா எடுக்கலாம்னு நாந்தான் வச்சேன். நீ கூப்பிட்டது போர்டோட நின்னுக்கும், வீட்டுக்குள்ள போவாது. போர்டு முதுகுல தடவிப் பாத்துட்டு ஒண்ணுமில்லன்றியே!”

“அப்ப இருக்குதுங்களா?” என்று ஏழுமலை எழுந்தேவிட்டார்.

“டிஸ்க் இருந்தா இருக்கும்.”

அதற்கு மேல் அவர் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. கடையை இழுத்து மூடிப் பூட்டி, பூட்டை இரண்டு தடவை இழுத்துப் பார்த்துவிட்டுக் கிளம்பினார்.

நாங்கள் போனபோது அந்தக் கம்ப்யூட்டர் தள்ளுவண்டியில் ஏறியிருந்தது. நான் குறுக்கே நின்றுகொண்டேன். அக்கா வெளியே வந்தார். ரெண்டுவாட்டியைப் பார்த்ததும் முகம் சுருங்கியது. ஏழுமலையின் மொட்டைத் தலையைப் பார்த்ததும் இறங்கி வந்தார். “அந்தப் பொட்டிய மட்டும் எறக்கி வச்சிட்டுப் போப்பா” என்றார்.

ரெண்டுவாட்டி உட்கார்ந்தார். போர்டைத் தாண்டிப் போய் ஃபோட்டோவையே கேட்கும் ஃபங்ஷனைக் கூப்பிட்டார். பூஜ்யம் இல்லை, ஒரு எண் வந்தது. அதற்கு இடம் ஒதுக்கினார். இரண்டாம் முறை கேட்டார். பதினோரு பெயர்கள் திரையில் இறங்கின. மாமா, சித்தி, பொண்ணு, மாப்பிள்ளை. காளியம்மாள் தன் புருஷன் பெயரை வாயால் சொல்லாதவர். அதனால் ஆறாவதாக, ‘காளியம்மா வூட்டுக்காரரு’ என்றிருந்தது.

பட்டியல் பெயரை மட்டும்தான் தரும். ஒவ்வொரு பெயருக்கும் உள்ளே அவர் எழுதி வைத்ததைத் தனியாகக் கேட்க வேண்டும். கேட்டார். காளியம்மாள் சொன்னது சொன்னபடியே வந்தது.

‘பின்னாடி வரிசைல நாலாவது. ஆடாம நில்லுங்கன்னாரு ஃபோட்டோக்காரரு. இவரு மட்டும் எம்பக்கம் திரும்பிட்டாரு. அதான் மூஞ்சி கலங்கிப் போச்சு.’

அத்தை காட்டியவரும் இல்லை, பெரியப்பா காட்டியவரும் இல்லை. எல்லாரும் நேராகப் பார்த்துக்கொண்டிருக்க, ஒருவர் முகம் மட்டும் கலைந்திருந்தது. அந்த முகம் திரும்பியிருந்த பக்கத்தில் ஓரமாகக் காளியம்மாள் நின்றிருந்தார், சின்னப் பெண்ணாக.

ஏழுமலை திரையைத் தொட்டார். “கலங்கலாவே இருக்கட்டுங்க. அப்பிடியே போட்டுக் குடுங்க” என்றவர் குலுங்கிக் குலுங்கி அழுதார். நானும் அழுதேன். அக்கா உள்ளே போய்விட்டார். ரெண்டுவாட்டி ஏழுமலையின் முதுகில் கை வைத்து, “அழுங்க. எத்தன நேரம் வேணாலும் அழுங்க” என்றார். அவர் எண்ணிக்கை கேட்காமல் விட்ட ஒரே விஷயம் அதுதான்.

அன்றைக்கு நான் அவரை ஒரு ஃபோட்டோ எடுத்தேன். “எத்தனை எடுக்கப் போற?” என்று கேட்டுக்கொண்டிருக்கும்போதே கிளிக் செய்ததால் வாய் திறந்தபடி இருக்கிறார். இப்போது அவர் இல்லை. அந்த ஃபோட்டோ மட்டும் என் கம்ப்யூட்டரில் இருக்கிறது. அவர் போன செய்தி வந்த அன்று அதன் முதுகில் என்ன ஒட்டியிருக்கிறது என்று கேட்டுப் பார்த்தேன். நேராக ஃபோட்டோவையேதான் கேட்டேன். பூஜ்யம் வந்தது. ஊரில் எல்லார் பெயரையும் கேட்டுக் கேட்டு ஒட்டிய மனிதருக்கு, நான் ஒரு பெயர்கூட ஒட்டி வைக்கவில்லை.

அன்றே ஒட்டினேன். ‘ரெண்டுவாட்டி, ரெண்டுவாட்டி’ என்று இரண்டு தடவை எழுதியிருக்கிறேன். ஒரு தடவை கூப்பிட்டால் அவர் திரும்ப மாட்டாரே.