சவுண்டு சாரின் சிக்கன சங்கீதம்

மனிதர்களில் பாட்டுக் கேட்பவர்கள் உண்டு, கேட்காதவர்களும் உண்டு. இந்த இரண்டிலும் சேராமல் மூன்றாவதாக ஓர் இனம் இருக்கிறது: பாட்டுக் கேட்பதற்கு ஏற்பாடு செய்துகொண்டே இருப்பவர்கள். உங்கள் தெருவிலும் நிச்சயம் ஒருவராவது இருப்பார். ஒரே பாட்டின் முதல் வரி மட்டும் காலையிலிருந்து ஒரு வீட்டில் திரும்பத் திரும்பக் கேட்கிறதா? அந்த வீடுதான்.

நாம் பார்க்கப்போகிறவருக்குத் தெருவில் சவுண்டு சார் என்று பெயர். மூக்குக்கண்ணாடிக் கடையில் கண் பரிசோதிப்பது தொழில். வருகிறவரை நாற்காலியில் உட்காரவைத்து, கனத்த ஃபிரேம் ஒன்றை மூக்கில் மாட்டி, கண்ணாடிச் சில்லுகளை மாற்றி மாற்றிச் செருகி, "இது தெளிவா, முன்னாடி போட்டது தெளிவா?" என்று நாள் முழுவதும் கேட்கிறவர். கடையில் அந்தக் கேள்விக்கு ஒரு முடிவு உண்டு. வந்தவர் தட்டுத்தடுமாறிக் கடைசி வரியைப் படித்துவிட்டு எழுந்து போய்விடுவார். வீட்டில் மனைவி எங்கே போவாள்?

ஆரம்பித்து வைத்ததே அவள்தான், பாவம். பழைய ரேடியோ நின்றுபோன அன்று, "ஒரு சின்னப் பொட்டி வாங்கிட்டு வாங்க. கல்யாணமான புதுசுல கேட்டுட்டே இருப்போமே, அந்தப் பாட்ட ஒரு தடவை கையில வேலை இல்லாம உக்காந்து முழுசா கேக்கணும்" என்றாள். அவ்வளவுதான் அவள் ஆசை. வேறு யாராக இருந்தாலும் கடைக்குப் போன கையோடு வாங்கி வந்திருப்பார்.

சவுண்டு சார் சிரித்தார். "பொட்டி எதுக்கு? நம்ம பழைய கம்ப்யூட்டர் சும்மாதானே கிடக்கு. அதுல பாட்ட ஏத்தி, ரெண்டு நல்ல ஸ்பீக்கர் வெச்சா முடிஞ்சுது. செலவே இல்ல."

செலவே இல்லை என்று ஆரம்பிக்கிற எந்தக் காரியத்தையும் நம்பாதீர்கள். கம்ப்யூட்டர் சும்மா கிடந்தது உண்மை. ஆனால் அதற்குள் சுழலும் விசிறி உறுமியது, உறுமல் கேட்காமலிருக்க அதை அடுத்த அறைக்குக் கொண்டுபோனார், அங்கிருந்து வயர் வருவதற்குச் சுவரில் ஓட்டை போட்டார், வயர் நீண்டதால் சத்தம் மெலிந்துவிட்டது என்று கனத்த வயர் வாங்கினார், கனத்த வயருக்கேற்ற ஆம்ப்ளிஃபயர் பழைய சாமான் கடையில் மலிவாகக் கிடைத்தது, மலிவாகக் கிடைத்ததால் பழுதுபார்க்க வேண்டியிருந்தது, பழுதுபார்த்தவர் இதற்கு இந்த ஸ்பீக்கர் தாங்காது என்றார், ஸ்பீக்கரும் மாறியது. எல்லாம் சிக்கனம்தான். புதிதாக வாங்கியிருந்தால் எவ்வளவு ஆகியிருக்கும் தெரியுமா என்று கேட்பார். தெரியாது என்று சொல்லிவிடாதீர்கள், உட்காரவைத்து விளக்க ஆரம்பித்துவிடுவார்.

பிறகு கூடம் பறிபோயிற்று. ஸ்பீக்கர் சுவரை ஒட்டி இருக்கக் கூடாதாம். இரண்டும் நடுவே வந்து வழியை மறித்தன. கண்ணாடிக் கதவு போட்ட அலமாரி சத்தத்தைத் திருப்பி அடிக்கிறது என்று அதன்மேல் கம்பளி போர்த்தப்பட்டது. தட்டு எடுக்க வேண்டுமென்றால் கம்பளிக்குள் தலையை விட வேண்டும். அத்தோடு விட்டாரா? கூடம் முழுக்கத் தவழ்ந்து பார்த்து, சத்தம் சரியாக வந்து சேர்கிற இடம் ஒன்றே ஒன்றுதான் என்று கண்டுபிடித்து, அங்கே ஒரு நாற்காலியைப் போட்டு, அதன் கால்களைச் சுற்றிச் சாக்பீஸால் வட்டம் போட்டார். கல்லூரியில் படிக்கும் மகள் தரை துடைக்கும்போது வட்டங்களையும் சேர்த்துத் துடைத்துவிட்டாள். அன்று வீட்டில் யாரும் யாரோடும் பேசவில்லை.

தினமும் மனைவியை அந்த நாற்காலியில் உட்காரவைத்துச் சோதனை நடந்தது. அவள் ஆசைப்பட்ட பாட்டுத்தான். பாடகி முதல் வரியை முடித்து மூச்சு வாங்குவதற்குள் நிறுத்திவிடுவார்.

"இது தெளிவா, முன்னாடி போட்டது தெளிவா?"

"ரெண்டும் ஒரே மாதிரிதான் இருக்கு."

"நல்லாக் காதத் தீட்டிட்டுக் கேளு. முன்னாடி ஒரு திரை தொங்கின மாதிரி இருந்துச்சே, இப்ப விலகல?"

"விலகிடுச்சுங்க. நான் போய் அடுப்பப் பாக்கறேன். மீதிப் பாட்ட வெச்சீங்கன்னா அங்கேருந்தே கேட்டுக்குவேன்."

"அங்கேருந்து கேட்டா என்ன தெரியும்?" என்று சொல்லி, மறுபடி முதல் வரியிலிருந்து ஆரம்பித்தார்.

திரையை விலக்கியது அவர் புதிதாக வாங்கியிருந்த ஒரு சின்ன டப்பா. கம்ப்யூட்டருக்குள் வெறும் எண்களாகக் கிடக்கும் பாட்டை அது பதமாகச் சத்தமாக்கித் தருமாம். கண் பரிசோதனைக்கு வந்தவர்களிடமெல்லாம் அதன் பெருமையைச் சொன்னார். ஃபிரேம் மாட்டிய மூக்கோடு அவர்களால் எழுந்து ஓட முடியவில்லை. ஞாயிற்றுக்கிழமை பாட்டு ஓடிக்கொண்டிருக்கும்போதே மகள் அந்த டப்பாவைக் கையில் தூக்கிக்கொண்டு வந்தாள்.

"அப்பா, இதுல வயரே சொருகல."

மனிதர் அசந்துவிட்டார் என்றா நினைக்கிறீர்கள்? டப்பாவை வாங்கி முன்னும் பின்னும் புரட்டிப் பார்த்தார்.

"பாத்தியா, நம்ம கம்ப்யூட்டரே எவ்வளவு நல்லாப் பாடுதுன்னு. நான் அன்னைக்கே சொன்னேன்."

"அப்ப இதத் திருப்பிக் குடுத்துடலாமா?"

"எதுக்கு? சொருகினா இன்னும் நல்லா இருக்கும்ல?" என்றார்.

ஒருவழியாக அவர்களுடைய கல்யாண நாளன்று எல்லாம் தயார் என்று அறிவித்தார். ஜன்னல்கள் சாத்தப்பட்டன. மின்விசிறி நின்றது, ஃபிரிட்ஜும் நின்றது. மகள் புத்தகத்தைப் புரட்டக் கூடாது என்று உத்தரவாயிற்று. மனைவி ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு வந்து நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"இன்னைக்கு நிறுத்த மாட்டேன். முழுசா கேளு" என்றார். அவளைச் சந்தோஷப்படுத்த வேண்டும் என்று மனதார நினைத்துத்தான் சொன்னார். அந்த மட்டில் அவர்மேல் குற்றம் சொல்ல முடியாது.

முதல் வரி போயிற்று, நிறுத்தவில்லை. இரண்டாவது வரியும் போயிற்று. அவள் கண்ணை மூடிக்கொண்டாள். முகம் மெல்ல இளகியது. கொஞ்ச நேரத்தில், தன்னை மறந்து, பாட்டோடு சேர்ந்து மெதுவாகப் பாடவும் ஆரம்பித்தாள். நல்ல குரல் அவளுக்கு. கல்யாணத்துக்கு முன்பு அவள் மருந்துக் கடையில் வேலை பார்த்தபோது பாடிக்கொண்டேதான் மாத்திரை எடுத்துத் தருவாள். அந்தக் குரலுக்காக சவுண்டு சார் தலைவலியே இல்லாமல் எத்தனையோ நாள் தலைவலி மாத்திரை வாங்கியிருக்கிறார்.

"ஸ்ஸ்" என்றார் சவுண்டு சார். "கொஞ்சம் சும்மா இரேன். நீ பாடினா பின்னாடி வர்ற தபேலா கேக்க மாட்டேங்குது."

அவள் வாயை மூடிக்கொண்டாள். கண்ணைத் திறந்து, எதிரே நின்ற ஸ்பீக்கரை ஒரு கணம் பார்த்தாள். பிறகு எழுந்தாள்.

"நீங்க உக்காந்து கேளுங்க. எனக்குத் துணி துவைக்கிற வேலை கிடக்கு."

அவருக்குச் சுருக்கென்றது. கூப்பிட வாயெடுத்தார். ஆனால் நாற்காலி காலியாக இருந்தது, பாட்டு ஓடிக்கொண்டிருந்தது, தபேலா வரும் இடம் நெருங்கிக்கொண்டிருந்தது. உட்கார்ந்தார். தபேலா பிரமாதமாகக் கேட்டது. கொல்லைப்புறத்தில் துணி அலசும் சத்தம் வந்தது. துணி அலசும்போது அவள் எப்போதும் எதையாவது பாடிக்கொண்டிருப்பாள்; அன்று பாடவில்லை. வீட்டில் அப்படி ஓர் அமைதி. அந்த அமைதிக்காகத்தானே மனிதர் இத்தனை நாள் பாடுபட்டார்.

நீங்கள் தலையில் அடித்துக்கொள்வது எனக்குத் தெரிகிறது. சரி, ஒன்று மட்டும் கேட்கிறேன். அது எந்த ஆம்ப்ளிஃபயர், என்ன ஸ்பீக்கர், அந்தப் பழைய சாமான் கடை எங்கே இருக்கிறது என்று கதை சொல்கிற இந்த ஆள் சொல்லவே இல்லையே என்று நடுவில் ஒரு தடவையாவது உங்களுக்குத் தோன்றியதா? தோன்றியிருந்தால் இதை மூடி வைத்துவிட்டு எழுந்து போய், உங்கள் வீட்டில் யாராவது எதையாவது முணுமுணுத்துக்கொண்டிருக்கிறார்களா என்று பாருங்கள். பாடிக்கொண்டிருந்தால், வாயைத் திறக்காமல் கொஞ்ச நேரம் அங்கேயே நில்லுங்கள்.