என் வீட்டுக்காரரின் ஃபார்முலா

உலகத்துக் கம்ப்யூட்டர்களை எல்லாம் திருத்துவது என்று என் வீட்டுக்காரர் செந்தில்நாதன் முடிவெடுத்தார். பனியனை நேராகப் போட அவருக்கு இன்னும் வரவில்லை. அது வேறு விஷயம்.

1999-ல் எங்கள் பேட்டையான தேவராஜ மொஹல்லாவில் ஒரு பிரௌசிங் சென்டர் திறந்தார்கள். அங்கே போய் 'பில்டர் காபி' என்று தட்டினாராம். அமெரிக்காவில் தண்ணீர் பில்டர் விற்கிறவர்கள் அத்தனை பேரும் வந்து நின்றார்களாம்.

"மெஷின் வெறும் வார்த்தையைப் பாக்குது, சுலோ. கேக்கிறவன் யாரு, எதுக்குக் கேக்கிறான், நெஜமா அவனுக்கு என்ன வேணும்? அந்த அர்த்தத்தையும் கேள்வியோட சேத்துட்டா பதில் கரெக்டா வரும். ஃபார்முலா என்கிட்ட இருக்கு."

"இருக்கட்டும். இப்ப என்ன வேணும்?"

"உன் தையல் மெஷின் இருக்கிற ஜன்னலோரம். கம்ப்யூட்டர் வாங்கி அங்க வைக்கணும்."

வீட்டில் வெளிச்சம் வரும் ஒரே மூலை அது. எங்கள் தெருவில் பாதிப் பேருடைய பிளவுஸ் அங்கேதான் பிறந்தது. கத்தியிருப்பேன். ஆனால் கான்வென்ட்டில் சிஸ்டர்கள் எனக்குப் பழக்கியது புன்னகை.

"தாராளமாங்க. முதல்ல ஃபார்முலாவை டெஸ்ட் பண்ணிடலாம். நான்தான் கம்ப்யூட்டர். நீங்க கேளுங்க. பதில் சரியா இருந்தா மறுபேச்சு கூடாது."

துள்ளினார். "காபி!"

கண்ணை மூடி அர்த்தம் சேர்த்தேன். கேட்பவருக்கு ஐம்பது வயது. நெஞ்செரிச்சல். காலையிலிருந்து இது நான்காவது.

"ராகிக் கஞ்சி," என்று டம்ளரை நீட்டினேன்.

விழுங்கினார். "கிரிக்கெட் எந்த சேனல்ல?"

கேட்பவர் இந்த மாதம் வீட்டுக்காக ஒரு துரும்பையும் அசைக்கவில்லை.

"ரேஷன் கடை. மண்ணெண்ணெய் இன்னிக்குதான் ஊத்தறாங்க. இந்தாங்க கேன்."

பக்கத்து வீட்டுக் கன்னடக்கார லிங்கம்மா எட்டிப் பார்த்தாள். "ஏன்ரீ சுலோசனா, உங்க யஜமான்ரு கேன் தூக்கிட்டுப் போறாரு? உங்களுக்கு உடம்பு சரியில்லையா?"

"ஆராய்ச்சி, லிங்கம்மா."

வியர்த்து வழிந்து திரும்பினார். "கடைசிக் கேள்வி. தையல் மெஷினை எங்க மாத்தலாம்?"

கேட்பவர் இதற்கு முன் மவுத் ஆர்கன், காளான் வளர்ப்பு, ஹிந்திப் பரீட்சை எல்லாவற்றையும் ஆரம்பித்துப் பாதியில் போட்டவர். நிஜமாக வேண்டியது, என் கண்ணில் படாமல் தினம் ஒரு மணி நேரம்.

"பிரௌசிங் சென்டருக்கே தினம் போய்ட்டு வாங்க. மெஷின் இருந்த இடத்துலயே இருக்கட்டும்."

என்னையே முறைத்துப் பார்த்தார். பிறகு முகம் மலர்ந்தது.

"அட! மூணுக்கு மூணு கரெக்ட்! ஃபார்முலா வேலை செய்யுதுடி!"

ஜெயித்துவிட்ட சந்தோஷத்தில், என் தையல் மெஷினுக்கு மேலே புது டியூப்லைட் ஒன்றை அவரே மாட்டிக்கொடுத்தார்.